வேங்கடத்தின் இருபுறமும்: இளையோர் கதைகள் எதைச் சொல்ல வேண்டும்?

மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் அதிகாலைச் சுப்ரபாதம் நிறுத்தப்பட்டு, அதனிடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆந்திர மாநிலத்து மலையொன்றின் உச்சியில், தெலுங்கு பேசும் மக்கள் சூழ்ந்திருக்க, ஒரு மாதம் தமிழ் ஒலிக்கிறது. அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகளும் அதே மலைக்கு உரியவை. மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் திருவள்ளூர்க்காரரும் மதனப்பள்ளிக்காரரும் அருகருகே அமர்கின்றனர். நீண்ட வரிசையில் ஒருவர் குழந்தையை மற்றவர் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொள்கிறார். பேச்சில் பாதி புரிகிறது. மீதி சைகையில் தீர்கிறது.

அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில், 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. உடன் வந்தவர்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டனர் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். தமிழ்நாட்டில் ஆந்திரப் பேருந்துகள் தாக்கப்பட்டன. எல்லைப் போக்குவரத்து தடைப்பட்டது. வரிசையில் ஒருவர் குழந்தையை மற்றவர் ஏந்தி நின்ற மக்கள், சில நாள்களுக்குள் ஒருவரையொருவர் 'அவர்கள்' என்று சுட்டத் தொடங்கினர்.

அதற்கு முந்தைய கணக்கொன்றும் உண்டு. 2013 டிசம்பரில் அதே சேஷாசலக் காட்டில் ஆந்திர வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் பிடிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினரைத் திருப்பதி நீதிமன்றம் 2016ல் விடுவித்தது. கொல்லப்பட்ட அலுவலர்களின் வீடுகளிலும் அழுகுரல் எழுந்தது. விசாரணைக் கைதிகளாகக் கிடந்தவர்களின் குடிசைகளிலும் எழுந்தது. இரண்டு வீட்டு அழுகையையும் ஒருசேரக் கேட்டவர் எவருமில்லை. ஏனெனில் ஒன்று தெலுங்குச் செய்தித்தாளில் வந்தது. மற்றது தமிழ்ச் செய்தித்தாளில் வந்தது.

2015ல் ஐந்து வயதாயிருந்த குழந்தைகள் இன்று பதினைந்தை எட்டிவிட்டனர். சவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறுமி. திருப்பதி நகரத் தெரு ஒன்றில் ஒரு சிறுவன். முன்னவளுக்கு ஆந்திரம் என்பது ஆளைக் கொல்லும் காடு. பின்னவனுக்குத் தமிழன் என்பவன் கோடரியோடு இரவில் வரும் கள்வன். பகையென்று ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வதும், பதிந்ததைக் கேள்வி கேட்கத் துணிவதும் இந்த வயதில்தான் நிகழும். இவ்விருவர் கையிலும் எந்தக் கதை தரப்படுகிறது என்பது இலக்கியத்தாரின் சொந்த விவகாரம் மட்டும் ஆகாது; அரசியல் இயக்கங்களும் கவலைகொள்ள வேண்டிய வினா.

பகைத்து நிற்கும் இரு சமூகத்துப் பிள்ளைகள் சந்தித்து, ஐயம் நீங்கி, நண்பராகும் கதை உலகெங்கும் இளையோருக்காக எழுதப்படுகிறது. நல்லெண்ணத்தால் எழுதப்படும் இக்கதைகளுள் பல, கைகுலுக்கலோடு முடிந்துவிடுகின்றன. இரு சிறார் நண்பரானால் இரு சமூகங்களும் ஒன்றாகிவிடும் என்று அவை நம்பச் செய்கின்றன. பிளவு எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. தரமான கதைகள் அவ்வாறு முடிவதில்லை. அவற்றுள் இரண்டைப் பார்ப்பது வேங்கடத்து அடிவாரத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

பெல்ஃபாஸ்டின் இரு தெருக்கள்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வளர்ந்தவர் எழுத்தாளர் ஜோன் லிங்கார்ட். அந்நகரின் புராட்டஸ்டண்டு மக்களும் கத்தோலிக்க மக்களும் அடுத்தடுத்த தெருக்களில், அதே வறுமையில், வெவ்வேறு பள்ளிகளுக்குச் சென்று வாழ்ந்தவர்கள். 1969ல் அங்கே தெருக்கலவரங்கள் வெடித்தன. மறு ஆண்டே லிங்கார்டின் 'தி ட்வெல்ஃப்த் டே ஆஃப் ஜூலை' என்னும் இளையோர் நாவல் வெளிவந்தது. 1690ஆம் ஆண்டுப் போர் வெற்றியொன்றைப் புராட்டஸ்டண்டுகள் ஆண்டுதோறும் ஊர்வலமாகக் கொண்டாடும் நாளே அந்த ஜூலை 12.

ஊர்வலம் நெருங்கும் நாள்களில் இரு தெருச் சிறாரும் இரவில் எதிர்த்தெருச் சுவர்களில் வசைகளை எழுதி விளையாடுகின்றனர். புராட்டஸ்டண்டுச் சிறுமி சேடி. கத்தோலிக்கச் சிறுவன் கெவின். விளையாட்டு கல்லெறியாக முற்றுகிறது. கெவினின் தங்கை பிரீட் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். கல் யார் கையிலிருந்து வந்தது என்பதைவிட, அது யார் மேல் விழுந்தது என்பது சிறாரை உலுக்குகிறது. ஜூலை 12 அன்று சேடி ஊர்வலத்துக்குப் போகாமல், கெவினோடும் தன் அண்ணனோடும் கடற்கரைக்குச் செல்கிறாள்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் அதுவும் கைகுலுக்கல் கதையே. 1972ல் வந்த அடுத்த நாவலான 'அக்ராஸ் தி பேரிகேட்ஸ்' இதில் வளர்ந்த இளைஞராக அவர்கள் மீண்டும் சந்திக்கின்றனர். அவர்களுக்குத் தம் வீட்டில் இடமளித்த ஆசிரியர் ஒருவர், அவ்வீட்டின் மீது வீசப்பட்ட குண்டுக்கு இரையாகிறார். இருவரும் ஊரைவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறுகின்றனர். நட்பு வென்றது, தெரு மாறவில்லை. தெரு மாறாததால் நட்பு நாடுகடந்து பிழைக்க வேண்டியதாயிற்று. லிங்கார்ட் வாசகச் சிறாரை ஏமாற்ற மறுத்தார் என்பதே அந்நாவலின் நேர்மை.

ஆனால் அத்தெருக்கள் ஒருமுறை ஒன்றுசேர்ந்ததை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1932 அக்டோபரில் பெல்ஃபாஸ்டின் வேலையற்றோர், அற்ப நிவாரணக் கூலியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். புராட்டஸ்டண்டுத் தொழிலாளரும் கத்தோலிக்கத் தொழிலாளரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தனர். இரு தரப்பின் பாடல்களும் பகைப் பாடல்களாகவே இருந்ததால், வாத்தியக் குழுவினர் எவருக்கும் உரிமையில்லாத ஒரு வேடிக்கைப் பாட்டை வாசித்து நடந்தனர் என்பார்கள். வாசிக்கப் பொதுப் பாட்டுகூட இல்லாத மக்களைப் பசி ஒரே வரிசையில் நிறுத்தியது. நிவாரணத்தொகை உயர்த்தப்பட்டது. அவ்வொற்றுமை நீடிக்கவில்லை, மூன்றாண்டுகளுக்குள் பகை மீண்டும் மூட்டப்பட்டது. எனினும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

தீயை அணைத்த கைகள்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' 1976ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. 1930களின் மிசிசிப்பி மாநிலத்தில் சொந்த நிலம் வைத்திருக்கும் லோகன் என்னும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. சொல்பவள் அவ்வீட்டுச் சிறுமி கேஸி.

அக்கதையிலும் நட்பை நாடிவரும் வெள்ளைச் சிறுவன் ஒருவன் உண்டு. ஜெரமி என்னும் அவன், கறுப்பினப் பிள்ளைகளோடு நடந்து வந்ததற்காகத் தந்தையிடம் அடிவாங்குகிறான். டெய்லர் அவனை இகழவில்லை. அவனுடைய அன்பே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று கூறவுமில்லை. கதையின் மையத்தில் இருப்பது ஒரு கடை. வெள்ளையர் நடத்தும் அக்கடையில் குத்தகை உழவர் கடனுக்கு வாங்கிக் கடனிலேயே கிடக்கின்றனர். லோகன் குடும்பம் கடையைப் புறக்கணிக்க ஊரைத் திரட்டுகிறது. நிலவுடைமையாளன் மிரட்டுகிறான், ஆசிரியையான தாய் வேலை இழக்கிறாள். கடனும் நிலமும் கடையும் இல்லாமல் நிறவெறி நிற்க முடியாது என்பது பன்னிரண்டு வயது வாசகருக்கும் விளங்குகிறது.

இறுதியில் வெள்ளையர் கும்பல் ஒரு கறுப்பினச் சிறுவனைத் தூக்கிலிடக் கிளம்பும் இரவில், பருத்திக் காட்டில் தீ பரவுகிறது. தீ எல்லோர் காட்டையும் விழுங்கும் என்பதால் கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே நின்று அதை அணைக்கின்றனர். கும்பலைத் திசைதிருப்பத் தன் விளைச்சலுக்குத் தானே தீவைத்தவர் கேஸியின் தந்தை என்பது பின்னர் புலப்படுகிறது. மறுநாள் நிறவெறி மறையவில்லை. அச்சிறுவனின் வழக்கில் நீதி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கேஸி அழுகிறாள். அவ்வளவே முடிவு. ஒற்றுமைக்கு ஒருவர் கொடுத்த விலையும், ஒரே இரவில் அதனால் எட்ட முடிந்த எல்லையும் மறைக்கப்படாமல் சொல்லப்பட்டிருக்கின்றன.

சந்தை தந்த கதை

வேங்கடத்து அடிவாரத்துக்குத் திரும்புவோர் அங்கேயும் ஒரு கதை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதைக் காண்பர். 2021 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா' திரைப்படம் சேஷாசலக் காட்டையும் செம்மரத்தையும் களமாகக் கொண்டது. சித்தூர் வட்டாரத் தெலுங்கைப் பேசும் அதன் நாயகன், தமிழிலும் பேசி வந்தான். சவ்வாது மலைச் சிறுமியும் திருப்பதிச் சிறுவனும் ஒரே நேரத்தில் அவன் தோளசைவை நடித்துப் பார்த்திருப்பர். எல்லையின் இருபுறத்து இளையோரும் பகிர்ந்துகொண்ட கதை அது என்பதை மறுக்க இயலாது.

அக்கதை சொல்வது என்ன? கூலிக்கு மரம் வெட்டியவன் துணிச்சலால் கடத்தல் கூட்டத்தின் தலைவனாகிறான். அவன் ஏறிய படிக்கட்டின் கீழே மற்றக் கூலிகள் முகமின்றி நிற்கின்றனர். அவர்கள் யார், எந்த ஊர், முன்பணமாக எவ்வளவு வாங்கி வந்தனர், காட்டில் செத்தால் உடலை யார் கொண்டுபோவார் என்பவை திரையில் இடம்பெறும் கேள்விகள் அல்ல. ஒருவன் முதலாளியாவதைக் கூலிகள் எல்லோருடைய வெற்றியாகக் கொண்டாடச் செய்வது சந்தையின் பழைய வித்தை.

உண்மை வேறாக இருக்கிறது. செம்மரம் கிழக்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா போன்ற மலைகளில் மட்டுமே இயற்கையாக விளைவது. அரிய மரமென்பதால் உலக வணிகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சீனம் முதலிய நாடுகளில் அறைகலனுக்கும் பிறவற்றுக்கும் அதற்குப் பெருவிலை உண்டு. அவ்விலையின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் இருப்போரைச் சேர்கிறது. சொந்த மலையில் வேலையும் காட்டுரிமையும் அற்றுப்போன மலைவாழ் மக்களை மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஏற்றி வருகின்றனர். காட்டுக்குள் அவர்களை எதிர்கொள்பவர் பெரும்பாலும் கீழ்நிலைக் காவலரும் வனக்காவலரும்தான். இரு ஏழை வீடுகள் காட்டில் மோதிக்கொள்கின்றன. மரத்தின் சொந்தக்காரனாகப் போகிறவன் மோதலை நேரில் காண்பதே இல்லை. இந்த ஒன்றைச் சொல்லும் இளையோர் நாவல் பத்துத் தலையங்கங்களுக்கு ஈடாகும்.

எல்லைக்கல்லின் இருபுறமும்

இரு மொழியினருக்கிடையிலான ஐயம் செம்மரத்தோடு பிறந்ததும் அன்று. 1953ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது ஒரு பக்கம் 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்றது. மறுபக்கம் 'மதராஸ் மனதே', அதாவது சென்னை நமதே, என்றது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. மங்கலங்கிழார் போன்றோர் திருத்தணிப் பகுதியில் தமிழ் கற்பித்து மக்களைத் திரட்டினர். படாஸ்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேட்டை ஒட்டிய கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. மக்கள் மொழியில் ஆட்சி நடக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இடதுசாரி இயக்கம் அதனை முன்னின்று எழுப்பியது. தோழர் சுந்தரய்யா விசாலாந்திரம் கோரியபோது, அதில் மக்கள் ஆட்சி மலர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார். மொழிவழி மாநிலம் உழைப்பவர் கைக்கு ஆட்சி வரும் வழியாக வேண்டும் என்பதே அன்றைய கனவு.

எல்லைக்கல் நட்டபின் கனவின் முதற்பாதி மட்டும் நிறைவேறியது. சிறாரிடம் கல் மட்டும் போய்ச் சேர்ந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தெலுங்கரைக் 'கொல்டி' என்று கேலி செய்யக் கற்றனர். தெலுங்குப் பிள்ளைகள் தமிழை 'அரவம்' என்று முகம் சுளித்துச் சொல்லக் கற்றனர். இவற்றைக் கற்பித்த பாடநூல் எதுவுமில்லை. பாடநூலும் கதைநூலும் பேசாமலிருந்த இடத்தில் திண்ணைப்பேச்சு ஆசிரியராக அமர்ந்துகொண்டது.

கலந்து வாழ்ந்தவர்களும் எழுதியவர்களும் இல்லாமல் போகவில்லை. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் தமிழின் தலைமகனானார். வடக்கிருந்து அஞ்சி ஓடிவந்த தெலுங்குக் குடிகள் தமிழ் மண்ணில் வேரூன்றியதை 1976ல் 'கோபல்ல கிராமம்' நாவலாக்கினார். அந்தப் பக்கத்தில், திருப்பதியை அடுத்த சிற்றூரில் பிறந்த நாமினி சுப்பிரமணியம் நாயுடு, ஏழை உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் வாயால், சித்தூர் வழக்கிலேயே 'மிட்டூரோடி கதலு' எழுதினார். அதனை அடுத்து நெல்லூர் மாவட்டத்துக் காவலியின் முகமது கதீர் பாபு, இஸ்லாமியச் சிறுவன் ஒருவனின் இளமையை 'தர்காமிட்ட கதலு' ஆக்கினார். நாமினியின் சிறுவனும் கி.ரா.வின் கரிசல் சிறாரும் நேரில் சந்தித்தால் ஒரு நாழிகையில் ஒருவர் பையிலிருந்து மற்றவர் வேர்க்கடலை எடுத்துத் தின்னத் தொடங்கிவிடுவர். சோளிங்கர்ப் பள்ளி மாணவருக்கு நாமினியையும், பாகாலப் பள்ளி மாணவருக்குக் கி.ரா.வையும் அறிமுகம் செய்யும் ஆசிரியர் எத்தனை பேர்?

கையில் கட்டப்பட்ட கயிறு

மொழிப் பிளவுக்குச் சொல்வதை அப்படியே சாதிப் பிளவுக்கும் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் உடன்படித்த ஆதிக்க சாதி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக்குறிகளையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. அதை அறுக்க ஆணை போதும். மனத்தில் கட்டியதை அறுக்கக் கதை வேண்டும். அவ்வகையில் விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்ற தலைப்பிலேயே இளையோருக்காக எழுதிய சிறுநூல் காலமறிந்து செய்த பணி.

சாதியக் கொடுமையைப் பேசும் கதையில், 'இரு தரப்பும் பழையதை மறந்து கைகோக்கட்டும்' என்று முடிப்பது வெட்டுப்பட்டவரிடமே மன்னிப்பைத் திணிப்பதாகும். அங்கே ஐயம் இருவருக்கும் பொதுவானதன்று. ஒருவருக்கு அது அச்சம், மற்றவருக்கு அது அதிகாரம். நீதி முதலில் வரவேண்டும். நட்பு அதன்பின் வரலாம். ஆதிக்க சாதியில் பிறந்த சிறுவன் தன் வீட்டிலேயே எதை இழக்கத் துணிகிறான் என்பதைக் காட்டாத ஒற்றுமைக் கதை, கடையைத் தொடாமல் நிறவெறியைப் பேசும் கதை போன்றது.

'பிஞ்சு மனத்தில் அரசியலைத் திணிக்கலாமா?' என்று கேட்போர் உளர். பிஞ்சுக் கையில் கயிற்றைக் கட்டுவது அரசியலன்றி வேறென்ன? திணிப்பு முன்பே நடந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லும் கதையை மட்டும் தடுத்து நிறுத்துவது நடுநிலை ஆகாது. அதேவேளையில், கதையைத் துண்டறிக்கையாக்கும் எழுத்தாளரும் அக்கேள்வியாளருக்குத்தான் துணைபோகிறார். சேடியின் குறும்பும் கேஸியின் கோபமும் இல்லாமல், முடிவுரை பேசும் பொம்மைகளை நிறுத்தினால், பதினைந்து வயது வாசகர் மூன்றாம் பக்கத்தில் நூலை மூடிவிடுவார்.

மாங்காய் வண்டி நின்ற இடம்

எழுதக் களம் எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. 2025 ஜூனில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தது. சித்தூர் மாவட்டமே அதன் பெருங்களம். மாங்கூழ் ஆலைகளும் அங்கே மிகுதி. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது: 8 ரூபாய் ஆலைகள் தருவது, 4 ரூபாய் அரசு தருவது. வெளிமாநிலக் காய் வந்தால் உள்ளூர் உழவர் விலையிழப்பர் என்று கூறி, அதன் வரவைச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடைசெய்தது. கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைகளில் சோதனைச்சாவடிகள் கண்காணித்தன. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். அதே பருவத்தில் கிருஷ்ணகிரி உழவரும் விலையின்றித் தவித்தனர்.

சோதனைச்சாவடியில் நின்ற மாங்காய் வண்டியில் ஒரு சிறுமி தந்தையுடன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். சாவடிக்கு அப்பால், ஆலை வாசலில் இரண்டு நாள்களாக டிராக்டரோடு காத்திருக்கும் சித்தூர் உழவரின் மகன் நிற்கிறான். அவளுக்கு அவன் வழிமறித்தவன். அவனுக்கு அவள் விலையைக் கெடுக்க வந்தவள். வெயிலில் இரு வண்டிகளிலும் காய் பழுக்கிறது, அழுகத் தொடங்குகிறது. விலையை முடிவுசெய்பவர் இரு வண்டிகளிலும் இல்லை. இதை அச்சிறாரே கண்டுபிடிக்கும்படி ஒரு கதை அமைந்தால், அதில் அறிவுரை எதுவும் தேவைப்படாது. அவர்கள் நண்பராவது அக்கண்டுபிடிப்பின் விளைவாக வரும். அவர்தம் தந்தையர் ஒரே சங்கத்தின் கொடியின்கீழ் ஆலை வாசலில் உட்கார்வது அடுத்த பாகமாகலாம்.

இன்னொரு களமும் கண்முன் உள்ளது. 1960ல் கைமாறிய சத்தியவேட்டுப் பகுதியில் இன்று ஸ்ரீசிட்டி தொழிற்பூங்கா நிற்கிறது. எல்லைக்காக அன்று முழக்கமிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே ஒரே சீருடையில், ஒரே பணிநேரத்தில் நிற்கின்றனர். ஒரே கூலிக்கணக்கு, உணவு இடைவேளையில் இரு மொழிகள். பதினெட்டைத் தொட்ட இளம் தொழிலாளியின் கதைக்கு இதைவிட வளமான நிலம் எது?

மொழி பெயரும் நிலம்

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ்நிலத்தின் வடக்கெல்லையாக வேங்கடத்தைக் கூறுகிறது. அதற்கு அப்பாலான நாட்டைச் சங்கப் புலவர் பகைநாடு என்று பொதுப்பெயரிடவில்லை. 'மொழிபெயர் தேயம்' என்றனர். மொழி மாறும் நிலம் என்பது அதன் பொருள். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் வேங்கடத்தைக் கடந்து அங்கே செல்கிறான். அவன் திரும்பி வருவானோ என்று தலைவி கலங்குகிறாள். இன்றும் பொருள் தேடி வேங்கடத்தைக் கடப்பவர் உளர். அவர்கள் திரும்பி வருவார்களோ என்று சவ்வாது மலையில் கலங்குவோரும் உளர். இரண்டாயிரம் ஆண்டுகளில் கலக்கத்தின் காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

மொழி பெயரும் நிலத்துக்குத் தேவை மொழிபெயர்ப்பு. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் குப்பத்தில் 1997ல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தேசியப் புத்தக நிறுவனம் இந்திய மொழிகளுக்கிடையே நூல் பரிமாற்றத்துக்கென வரிசையே நடத்தியது. சோவியத் வெளியீடுகளின் வழியே அய்த்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரைத் தமிழிலும் தெலுங்கிலும் கண்ணீரோடு படித்த தலைமுறை ஒன்று உண்டு. கிர்கீசியாவின் ஆசிரியர் துய்ஷேனை அறிந்த அத்தலைமுறை, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அண்டை வீட்டுக் கதையை அந்த அளவு அறியவில்லை. இக்குறையைத் தீர்க்க அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரு மாநிலத்து முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகள், மாணவர் சங்கங்கள், இடதுசாரிப் பதிப்பகங்கள் ஆகியவை ஆண்டுக்குப் பத்து இளையோர் நூல்களை இரு திசையிலும் பெயர்க்க முடிவெடுத்தால் போதும். எல்லையோரப் பள்ளிகளில் ஒரே கதையை இரு மொழியிலும் படித்த பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருநாள் கூடிப் பேச வாய்ப்பமைத்தால் இன்னும் நன்று.

அவ்வாறு எழுதப்படும் கதைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இப்பகையால் யார் பிழைக்கிறார் என்று கதை காட்டுகிறதா? எதிர்ப்பக்கத்து இறந்தோரின் வீட்டுக்குள்ளும் வாசகரை அழைத்துச் செல்கிறதா? சிறார் சேர்ந்து செய்யும் ஒரு காரியம், அதற்காக அவர்கள் கொடுக்கும் ஒரு விலை, அதில் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், முடிவில் கைகுலுக்கல் இல்லாவிட்டாலும் அது ஒற்றுமைக் கதையே.

சவ்வாது மலைச் சிறுமி ஒருநாள், காட்டில் கொல்லப்பட்ட தெலுங்கு வனக்காவலரின் மகனைப் பற்றிய கதையைத் தமிழில் படிக்க வேண்டும். திருப்பதிச் சிறுவன், 2015 ஏப்ரலில் தந்தையின் உடலுக்காகக் காத்திருந்த மலைக்கிராமத்துப் பிள்ளையின் கதையைத் தெலுங்கில் படிக்க வேண்டும். அதன்பின் அவர்கள் என்றேனும் ஒரு பேருந்தில் அருகருகே அமர நேர்ந்தால், பேச்சில் பாதி புரியாமல் போகலாம். பேசத் தொடங்க வேண்டியது எதைப் பற்றி என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.